அப்பாவிடம் டூட்டி வாங்கிய மாலைகள்

அப்பாவைக் கட்டிலோடு கட்டிப்போடச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை எல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் மறைத்தால் எழுதியே பிரயோஜனம் இல்லை.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடிதம் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கம் இல்லை. அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் அவருடைய வேட்டி, சொம்பு, கண்ணாடி எல்லாம் வாங்கிவர பாலக்கரை முதியோர் விடுதிக்குப் போயிருந்தேன். பெண்கள் வார்டு வாசலில் ஒருத்தி உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். உள்ளே அவள் அம்மா, அவளைப் பார்த்து, "என் நகையத் திருடினவளே" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

வார்டைப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரீ சிஸ்டர் பிலோமினா என்னைத் தனியே கூப்பிட்டார். "சரோஜா, உனக்கு நடந்ததை எழுதிக் குடேன். இப்படி வர்றவங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன். நான் சொன்னா அட்வைஸ் பண்றேன்னு நினைப்பாங்க. நீ சொன்னா கேப்பாங்க."

அதற்காக எழுதுகிறேன்.

அப்பா பெயர் மருதமுத்து. சர்க்காரில் லஸ்கர். லஸ்கர் என்றால் மதகைப் பார்த்துக்கொள்கிற ஆள். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரியிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் நான்கு ஷட்டர் உண்டு, பக்கத்தில் தண்ணீர் மட்டத்தை அளக்கிற கேஜ் ரூம் உண்டு. ஆற்றில் வெள்ளம் ஏறினால் இறக்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் வேண்டுமானால் ஏற்ற வேண்டும். அதற்கு இரும்பில் ஒரு கைப்பிடி. முழங்கை நீளம் இருக்கும், ஒரு முனை வளைந்திருக்கும். அதைச் சாவி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முப்பது வருஷம் அந்தச் சாவி அப்பாவிடம் இருந்தது. ரிடையரான அன்று ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார்.

அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். அண்ணன் செல்வராஜ் ஃபிட்டர் வேலை கற்றுக்கொண்டு, கைலாசபுரம் பக்கம் பெரிய தொழிற்சாலை கட்ட ஆரம்பித்தபோது அங்கே வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் செய்துகொண்டு, ஒரே அறை உள்ள தகரக் கொட்டகையில் இருந்தான். வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா வேலை முடிந்து வராமல் நான் சாப்பிட மாட்டேன். வெள்ளக் காலத்தில் நேரமானாலும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "சாப்ட்டுத் தொலைய வேண்டியதுதானே, சொன்னாக் கேக்குதா பாரு" என்று வந்ததும் திட்டுவார். திட்டிக்கொண்டே எனக்குத்தான் முதலில் சோறு போடுவார்.

ரிடையராகி இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் வெற்றிலை வாங்கப் போனவர் கொள்ளிடக்கரையில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரையும் கேட்கக் கூச்சம், அதனால் நின்றிருக்கிறார். கேட்ட கேள்வியையே கேட்பார். அதையெல்லாம் வயசு என்று விட்டுவிட்டேன். வெற்றிலைப் பெட்டியைக் காணோம், நீதான் எடுத்தாய் என்று என்னை அதட்டியபோதுதான் பயம் வந்தது. பெட்டி அவர் மடியில் இருந்தது.

நான் சித்திரை வீதியில் ஒரு மாமி வீட்டில் அப்பளம் இடுகிறேன். மாமியிடம் சொன்னதும், "ஏண்டி, இதைப் போய் கிரகம், தோஷம்னு நாலு பேர் சொல்றதைக் கேட்டுண்டு இருக்காதே. பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போ. மாவு நாளைக்கும் இருக்கும்" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்குச் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தோம். பெஞ்சு முழுக்க ஆட்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் யார் போனாலும் அப்பா எழுந்து நின்று சல்யூட் வைத்தார். "உக்காருங்கப்பா, இவர் கம்பவுண்டர்" என்றால், "மேலதிகாரி மாதிரி இருக்கார், நமக்கு எதுக்கு வம்பு" என்பார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பதினொரு மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் இளவயசுக்காரர். முட்டியில் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார்.

"இது என்ன வருஷம், ஐயா?"

"காலண்டர் கேஜ் ரூம்ல மாட்டியிருக்கு. போய்ப் பாத்துக்குங்க."

"இவங்க யாரு?" என்று என்னைக் காட்டினார்.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சோறு கொண்டாற பொண்ணு" என்றார்.

ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள், தலைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டடம், ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு வரிசை. மூன்று நாள் அலைந்த பிறகு டாக்டர் சொன்னார்: "இதுக்கு டிமென்ஷியான்னு பேரும்மா. மூளை கொஞ்சம் கொஞ்சமா சுருங்குது. புதுசா நடந்தது முதல்ல போகும். பழசு கடைசியாப் போகும். மறதிக்கு மருந்து கிடையாது. நல்லாப் பாத்துக்கறதுதான் வைத்தியம்."

நல்லாப் பார்த்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நான் அப்பளம் இடப் போன நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஆற்றுக்குப் போனார். இரண்டு தடவை படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் கூட்டி வந்து விட்டார்கள். மூன்றாவது தடவை கழுத்தளவு தண்ணீரிலிருந்து இழுத்து வந்தார்கள். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அதே டாக்டர்தான் செவ்வாய், வெள்ளி பாலக்கரை விடுதிக்கும் போய்ப் பார்க்கிறவர். அவர் சொல்லித்தான் அங்கே இடம் கிடைத்தது. நீள ஹால், இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில், கடைசி வரைக்கும் வைத்துக்கொள்வார்கள். அப்பாவைச் சேர்த்த அன்று ஆனி மாதம், ஆற்றில் தண்ணீர் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

பகலில் அப்பா சாது. பக்கத்துக் கட்டில் காசிம் பாய், பழைய தோல் வியாபாரி. சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். இவர் வாய்க்காலைப் பற்றிப் பேசுவார், அவர் தோலைப் பற்றிப் பேசுவார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது, ஆனாலும் சண்டை வந்ததில்லை.

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் ஆள் மாறிவிடுவார். அந்த நேரத்தில்தான் ஹாலைக் கழுவிவிடுவார்கள். ஈரத் தரையில் ஜன்னல் வெளிச்சம் பளபளக்கும். அப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கட்டில் மேல் ஏறுவார். "தண்ணி உள்ள வந்துருச்சு! காலைத் தூக்குங்க, எல்லாரும் காலைத் தூக்குங்க!"

"லஸ்கர் ஐயா, எங்கிட்ட இருக்கறதே ஒரு காலு. அதையும் தூக்கிட்டா எதுல நிக்கிறது?" என்பார் காசிம் பாய்.

எனக்குச் சிரிப்பு வராது. ஏனென்றால் அடுத்தது என் முறை. நான் மூன்று மணிக்கு வேலையை முடித்து, பஸ் பிடித்து, பாலம் தாண்டி நான்கரைக்கு வந்துவிடுவேன். என்னைக் கண்டதும் விரலை நீட்டுவார். "இவதான். சாவிய எடுத்தவ இவதான். ஊரே முழுகப் போகுது, மறைச்சு வச்சிக்கிட்டு நிக்கிறா பாரு."

"அப்பா, நான் உங்க பொண்ணு. சாவிய நீங்கதானே ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தீங்க? ரிடையராயிட்டீங்கப்பா."

சொல்லச் சொல்ல அவர் கண் இன்னும் விரியும். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்கு நிச்சயம். தினமும் இதே வாதம். நான் அழுவேன், அவர் நடுங்குவார்.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இதைப் பார்த்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாக்கில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தான். இரும்பை வளைத்து, அச்சு அசலாக மதகுச் சாவியைச் செய்திருந்தான். சின்ன வயசில் அதை எடுத்து விளையாடி அடி வாங்கியவன், அளவு கையிலேயே இருந்திருக்கிறது.

"இத எடுத்தேன்னுதானே உன்னைத் திட்டுறாரு? குடுத்துட்டா நிம்மதியா இருப்பாரு" என்றான்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அப்பா கையில் கொடுத்தோம். தடவிப் பார்த்தார், முகம் தெளிந்தது. அண்ணன் என் தோளைத் தட்டினான். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுப் பிரிந்தோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

மறுநாள் போனபோது அப்பா படுக்கவே இல்லை என்றார்கள். சாப்பிடவும் இல்லை. சாவியைப் பிடித்துக்கொண்டு ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்திருக்கிறார். ஜன்னல் கம்பியில் மாட்டித் திருகிப் பார்த்திருக்கிறார். அதற்கு அடுத்த நாள் மத்தியானம், சோறு ஊட்டுவதற்காக வார்டு ஆள் அந்தோணி சாவியைக் கையிலிருந்து வாங்கப் போயிருக்கிறார். அப்பா ஓங்கி அடித்துவிட்டார். அந்தோணிக்கு நெற்றியில் நான்கு தையல்.

விடுதியின் தலைவியை மதர் என்பார்கள். கெட்டவர் இல்லை. என்னை உட்காரவைத்துத்தான் சொன்னார்: "இங்க நாப்பது பேர் இருக்காங்கம்மா. எல்லாரும் எழுந்து ஓட முடியாதவங்க. இன்னொரு தடவை யாரையாவது அடிச்சா, மெட்ராஸ் மனநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். கடிதம் எழுதி வச்சிட்டேன். இன்னும் போஸ்ட் பண்ணல."

மெட்ராசுக்கு அனுப்பினால் நான் அப்பாவை வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் உண்டு. ரயிலில் இரண்டு ஆள் பிடித்துக்கொண்டு போவார்கள். போகிற வழியெல்லாம் ஆற்றைத் தாண்டும்போது கத்துவார். அதை நினைத்துத்தான், கட்டிப்போடச் சம்மதம் என்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். துணிப் பட்டையால் இரண்டு மணிக்கட்டையும் கட்டிலில் கட்டினார்கள். ஊசி போட்டார்கள்.

மூன்று நாள் அப்பா கத்தவில்லை. முதல் நாள் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதையும் மறைக்கவில்லை. இரண்டாம் நாள் கை கால் மரக்கட்டை மாதிரி விறைத்துப்போனது. வாயிலிருந்து எச்சில் வழிந்தது. கஞ்சி தொண்டையில் இறங்காமல் புரையேறியது. மூன்றாம் நாள் பட்டை உரசிய இடத்தில் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. அதில் தேங்காயெண்ணெய் தடவினேன். அவர் என்னைத் திருடி என்று திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். பட்டையைப் பார்த்ததும் முதலில் அதை அவிழ்க்கச் சொன்னார். அப்புறம்தான் நோயாளியைப் பார்த்தார். மூத்திரத்தைச் சோதிக்கச் சொன்னதில் கிருமி இருந்தது. காய்ச்சல் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "இல்லாதது கண்ணுக்குத் தெரியுது, நடக்காததை நடந்துச்சுன்னு நம்புறாரு. இதுக்கு சைக்கோசிஸ்னு பேரு. மறதி நோய் முத்துறப்ப நிறையப் பேருக்கு வரும். வந்ததும் ஊசின்னு போகக்கூடாது. முதல்ல வேற தொந்தரவு இருக்கான்னு பாக்கணும். கிருமி இருக்கா, மலம் கட்டியிருக்கா, வலி இருக்கா, கண்ணு தெரியுதா? உங்கப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. மங்கல் வெளிச்சத்துல ஈரத் தரை அவருக்கு ஆறாத்தான் தெரியும். ஆறு தெரிஞ்சா லஸ்கர் சும்மா உக்காருவாரா?"

"அப்ப ஊசி?"

"கிருமிக்கு மருந்து குடுப்போம். அந்த ஊசிய நிறுத்திட்டு, சாயங்காலம் கால் மாத்திரை மட்டும். அதையும் சீக்கிரம் நிறுத்தப் பாப்போம். தரையக் காலையில கழுவச் சொல்றேன். நாலு மணிக்கே விளக்கப் போடச் சொல்றேன். நீ ஒண்ணு செய்யணும். அவர்கிட்ட வாதாடாத. அவர் சொல்றது தப்புன்னு நிரூபிக்காத. எதுக்குப் பயப்படறாருன்னு மட்டும் பாரு."

பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்தேன். அவர் சாவியைக் காணோம் என்றார். கொடுத்தோம். கொடுத்த பிறகு இன்னும் மோசமானார். ஏன்?

பஸ் பாலத்தில் ஊர்ந்தது. கீழே காவிரி செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. சின்ன வயசில் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு மதகுக்குப் போவேன். ஆறு மணிக்கு மாற்று ஆள் வேலு மாமா சைக்கிளில் வருவார். வந்தவுடன் அப்பா கிளம்பிவிட முடியாது. தண்ணீர் மட்டம் எவ்வளவு, எத்தனை ஷட்டர் திறந்திருக்கிறது என்று அப்பா சொல்வார். வேலு மாமா அதை ரிஜிஸ்டரில் எழுதி, "சாவி வாங்கிக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போடுவார். அப்புறம்தான் சாவி கை மாறும். கையெழுத்து ஆகாமல் சாவியோடு இருக்கிற லஸ்கர் படுக்கக்கூடாது, உட்காரக்கூடாது, நகரக்கூடாது. ஒருமுறை வேலு மாமா வராமல் அப்பா இரண்டு நாள் மதகிலேயே நின்றிருக்கிறார்.

நாங்கள் அப்பாவுக்குச் சாவியைக் கொடுத்தோம். மாற்று ஆளை அனுப்பவில்லை. முடிவில்லாத டூட்டி ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டு நாங்கள் டீ குடித்திருக்கிறோம்.

வேலு மாமாவாக வந்து தினமும் சாவியை வாங்கிக்கொள்கிறேன் என்று மறுநாளே சிஸ்டரிடம் சொன்னேன். அவர் ஜெபமாலையைத் தடவினார். "தினமும் பொய் சொல்லணுமா?"

"டூட்டி வாங்குறேன் சிஸ்டர். அது பொய்யா என்னன்னு எனக்குத் தெரியல."

அண்ணனிடம் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்டான். இரும்புச் சாவியை எடுத்துப்போய்விட்டு, முருங்கைக் கட்டையில் அதே மாதிரி ஒன்று செதுக்கி, கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். அடித்தாலும் வலிக்காது. அது சிஸ்டரின் அலமாரியில் இருக்கும். ஆறு மணிக்கு மட்டும் வெளியே வரும். அண்ணனின் பழைய காக்கிச் சட்டையையும் வாங்கிப் புடவை மேல் போட்டுக்கொண்டேன்.

"மீசை ஒண்ணுதாம்மா குறைச்சல்" என்றார் காசிம் பாய். "எங்கிட்ட இருக்கு, வேணுமா?"

ஆறு மணி. அப்பா கையில் கட்டைச் சாவி. நடுங்கிக்கொண்டு நின்றார். அந்தோணி நெற்றிக் கட்டோடு கதவருகே தயாராக நின்றார். மதர் வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். போஸ்ட் பண்ணாத கடிதம் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. நான் நோட்டுப் புத்தகத்தோடு போய், வேலு மாமா கூப்பிடுகிற மாதிரி, "மருதமுத்தண்ணே! கொஞ்சம் லேட்டாயிருச்சு" என்றேன்.

அப்பா திரும்பினார். "கொஞ்சமா? எவ்ளோ நேரம்டா நிக்கிறது மனுசன்? எழுது."

"மட்டம் ஆறடியாண்ணே?"

"ஆறடியா?" அப்பாவின் முகம் மாறியது. "கேஜ் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பாக்காம எழுதுறியா? ஊரைக் கொல்லவா வந்த? போ. சாவி தர மாட்டேன்." சாவியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அன்றைக்கும் கால் மாத்திரை இல்லாமல் படுக்கவில்லை. ஆனால் யாரையும் அடிக்கவில்லை. என்னைத் திருடி என்றும் சொல்லவில்லை.

அவர் தூங்கிய பிறகு சிஸ்டர் சாவியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "தண்ணிய மட்டும் நெசமாப் பாத்துச் சொல்லு. மத்ததை ஆண்டவர் பாத்துக்குவார்."

மறுநாள் அம்மாமண்டபம் படித்துறையில் இறங்கி, தண்ணீருக்கு மேல் தெரிகிற படிகளை எண்ணிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஆறு மணிக்குப் போய், "அண்ணே, படித்துறையில ஏழு படி தெரியுது" என்றேன்.

அப்பா கண்ணை மூடினார். உதடு அசைந்தது. "அப்ப நாலே முக்கால். ரெண்டு ஷட்டர் போதும். எழுது."

எழுதினேன். 'சாவி வாங்கிக்கொண்டேன்' என்று போட்டு, வேலு என்று கையெழுத்திட்டுக் காட்டினேன். அப்பா சாவியை என் கையில் வைத்தார். கையில் வைத்தவர் எடையைக் கவனித்துவிட்டார்.

"என்னடா, லேசா இருக்கு?"

காசிம் பாய்தான் காப்பாற்றினார். "புதுச் சப்ளை, லஸ்கர் ஐயா. இப்பல்லாம் சர்க்காரு குடுக்கறது எல்லாமே லேசு."

"திருட்டுப் பசங்க" என்றார் அப்பா. போய்ப் படுத்தார். இரண்டு இட்லி சாப்பிட்டார். தூங்கிவிட்டார்.

பெற்ற மகளையே மறந்த மனிதர் படிக்கட்டை அடியாக மாற்றியது எப்படி என்று டாக்டரைக் கேட்டேன். "கை பழகின வேலை கடைசியாத்தான் போகும்" என்றார். அடுத்த மாதம் கால் மாத்திரையையும் நிறுத்தினார். ஒருநாள் மதரின் குப்பைக்கூடையில் கிழித்த கடிதம் ஒன்று கிடந்தது, அது அதுதானா என்று நான் பார்க்கவில்லை.

ஆடியில் தண்ணீர் கூடியது, படிகள் குறைந்தன. ஐப்பசியில் மூன்று படிதான் தெரிந்தது. அன்றைக்கு அப்பா நான்கு ஷட்டரையும் இறக்கச் சொல்லி, நான் எழுதுவதை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார். மாமி தினமும் நான் கிளம்பும்போது, "எத்தனை படிடி இன்னிக்கு?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள். நான் வர முடியாத நாளில் அந்தோணி காக்கிச் சட்டையைப் போட்டுக்கொள்வார். அவருக்குப் படி எண்ணிக்கையைப் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புவேன்.

எல்லாம் சரியாக நடந்தது. ஒன்றைத் தவிர. நான் வேலுவாகிவிட்டேன். காலையில் வந்தாலும் மாலையில் வந்தாலும் அப்பாவுக்கு நான் மாற்று ஆள். திருடி இல்லை, அது போதும் என்றுதான் இருந்தேன். கார்த்திகையில் ஒருநாள் அப்பா ரொம்ப அமைதியாக இருந்தார். ஆசை வந்துவிட்டது. சட்டையைக் கழற்றிவிட்டு, "அப்பா, நான் சரோஜாப்பா" என்றேன்.

அப்பா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அதை யாரு இங்க விட்டது? புள்ளய மதகுக்குக் கூட்டியாராதீங்கன்னு சொன்னேனே! தண்ணி வருதே!" ஹால் முழுக்கத் தேடினார். என் பக்கத்திலேயே தேடினார். ஒரு மணி நேரம் ஆனது அவரைப் படுக்கவைக்க. சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. காக்கிச் சட்டையை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார்.

அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

தை பிறந்ததும் அப்பாவுக்குச் சளி பிடித்தது. நெஞ்சில் இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று டாக்டரிடம் அண்ணன் கேட்டான். "புது இடம், புது முகம், மறுபடி கட்டுவாங்க. இங்கயே இருக்கட்டும். மூச்சுக்கு வேண்டியதை நான் பாத்துக்கறேன்" என்றார். அண்ணனும் அண்ணியும் தினமும் வந்தார்கள். அண்ணி பிளாஸ்கில் மிளகு ரசம் கொண்டுவந்து ஸ்பூனால் கொடுப்பாள். சோற்றுக்கு வாய் திறக்காதவர் அதற்குத் திறந்தார்.

தை கடைசியில் மேட்டூரில் தண்ணீரை மூடிவிட்டார்கள். ஆற்றில் மணல் தெரிந்தது. படித்துறையில் எல்லாப் படியும் தெரிந்தது, அதற்குக் கீழே கூழாங்கல்லும் தெரிந்தது. அன்று சாயங்காலம் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் குனிந்தேன். அவரால் எழ முடியவில்லை. சாவி மார்பின் மேல் இருந்தது.

"மருதமுத்தண்ணே, தண்ணி வத்திருச்சு. படி எல்லாம் தெரியுது. மணல் வெளிய வந்திருச்சு."

"நாலும் இறக்கியாச்சா?"

"இறக்கியாச்சுண்ணே."

"எழுது." மூச்சு வாங்கினார். "இனி ஆனி வரைக்கும் வேலை இல்ல. சீக்கிரம் கையெழுத்துப் போடு, வேலு. நான் வீட்டுக்குப் போவணும்."

"என்ன அவசரம்ணே?"

"பொண்ணு ஒண்ணு சாப்பிடாம உக்காந்திருக்கும்."

என் கை பேனாவில் நின்றது. கேட்கக்கூடாது என்று தெரியும். சரோஜாவாகத்தான் கேட்கக்கூடாது. வேலு கேட்கலாம்.

"பொண்ணு பேரு என்னண்ணே?"

"சரோசா" என்றார். "நான் போனாத்தான் தட்டுல கை வைக்கும். சொன்னாக் கேக்காது. பிடிவாதம், அவங்கம்மா மாதிரி."

பின்னால் அண்ணி விசும்பினாள். நான் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணிவிட்டது. நோட்டை அவர் கண்ணெதிரே பிடித்தேன். பார்த்தாரோ இல்லையோ, தலையசைத்தார். சாவியைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

"வாங்கிக்கிட்டேன். நீங்க போயிட்டு வாங்கண்ணே" என்றேன்.

மறுநாள் காலை, பால் கொடுக்க அந்தோணி போனபோது அப்பா இல்லை. கை இரண்டும் விரிந்து இருந்ததாம். மணிக்கட்டில் பட்டைத் தழும்பு மட்டும் மங்கலாக இருந்தது. அதை நான் குளிப்பாட்டும்போது பார்த்தேன்.

கொள்ளிடக்கரையில் எல்லாம் முடிந்து வீடு வந்தோம். அண்ணி என்னை உட்காரவைத்துத் தட்டில் சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

"சாப்பிடு சரோஜா" என்றாள்.

"அப்பா வந்துரட்டும் அண்ணி" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

அண்ணி என்னோடு வாதாடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு உருண்டை பிசைந்து, என் கையில் வைத்தாள்.